முன்னூறு ஜோடிச் செருப்பும் என் வலது காலும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதத்தில் நடந்தது இது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு மருத்துவமனையில் செருப்பு செய்யும் பிரிவில் அப்போது வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

மருத்துவமனையில் செருப்புக்கு என்ன வேலை என்று கேட்காதவர்களே இல்லை. தொழுநோய் வந்து குணமானவர்களுக்கும், சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கும் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. சின்னதாக ஒரு புண் வரும். வலிக்காததால் அதன் மேலேயே நடப்பார்கள். கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைக்குப் போய்விடும். அது நடக்காமல் இருக்க, மெத்தென்ற ரப்பர் வைத்து, ஆணி இல்லாமல், எங்கேயும் உரசாமல் செய்து தருகிற செருப்புதான் எங்கள் வேலை.

அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் இருந்தேன். தையலில் ஆரம்பித்து, பேட்டர்ன், அதாவது தோல் வெட்டுவதற்கான மாதிரி அட்டை, வெட்டும் வரைக்கும் வந்தவள். பக்கத்து மிஷினில் இருந்த முஸ்லிம் தோழியிடம் பேசிப் பேசியே உருது பழகிக்கொண்டேன். இலக்கணமெல்லாம் கிடையாது. சண்டை போடவும் சிரிக்கவும் போதும், அவ்வளவுதான்.

அந்த வருடம் நம் நாட்டிலிருந்து நேபாளத்து மலை மாவட்டங்களுக்கு மருத்துவ உதவி போவதாக இருந்தது. மருந்து, கருவிகள் எல்லாம் வேறு எங்கிருந்தோ போயின. அதோடு முன்னூறு ஜோடிச் செருப்பு அனுப்பும் பொறுப்பு எங்கள் பிரிவுக்கு வந்தது. கூடவே, அங்குள்ள ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்து இரண்டு மாதம் எங்களிடம் தொழில் கற்றுக்கொண்டு போவார் என்றும் சொன்னார்கள்.

அந்த முன்னூறு ஜோடிக்கும் பேட்டர்ன் போட்டது நான். தலைகால் புரியவில்லை. வீட்டில் சொன்னேன், சர்ச்சில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவிடமும் சொன்னேன். "நம்ம கையால செஞ்ச செருப்பு இமயமலைக்குப் போவுது." என் கணவர்கூட, "ஒரு பத்து நாளா இதே பாட்டுதான்" என்று கிண்டல் செய்தார்.

பயிற்சிக்கு யாராவது சின்ன வயதுப் பெண் வருவாள் என்று நினைத்திருந்தேன். வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். குள்ளமான, உறுதியான உடம்பு. நரைத்த ஒற்றைப் பின்னல். மூன்று நாள் பஸ்ஸும் ரயிலுமாக வந்து இறங்கியவருக்கு எங்கள் ஊர் வெயில் தாங்கவில்லை. சால்வையைத் தண்ணீரில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டே வேலை செய்வார். அவருக்கு ஓரளவு இந்தி தெரியும். என் ஆம்பூர் உருதுவும் அவர் இந்தியும் எப்படியோ ஒன்றையொன்று புரிந்துகொண்டன. நான் அவரை 'தீதீ' என்று கூப்பிட்டேன், அக்கா என்று அர்த்தம். அவர் என்னை 'பஹினி' என்றார், தங்கச்சி.

கூப்பிட்டதென்னவோ அக்கா என்றுதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், நான் அவரை அப்படி நடத்தவில்லை. அவருக்குக் கத்தி பிடிக்க வரவில்லை. தோலை வீணாக்கினார். "இது காட்டுல கிடைக்கிற இலை இல்ல தீதீ, காசு" என்று எல்லோரும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் வெட்டுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. முடிந்த செருப்பு ஒவ்வொன்றையும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே விரல்களை விட்டு மெதுவாகத் தடவிப் பார்ப்பார். ஒரு ஜோடிக்கு இரண்டு நிமிடம். வேலையைத் தள்ளிப்போட ஒரு சாக்கு என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

மூன்றாவது வாரம், முன்னூறு ஜோடியும் ஏறக்குறைய முடிந்து அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தோம். தீதீ ஒரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தயங்கித் தயங்கி, தன் ஊர் முழுக்க இறக்கம், இறங்கும்போது கால் முன்னால் வழுக்கும், விரல் வெளியே வந்து கல்லில் இடிக்கும், கணுக்காலுக்குக் கீழே இன்னொரு வார் இருந்தால் கால் நகராது என்றார். குளிருக்குக் கம்பளிக் காலுறை போடுவார்கள், அதற்கு இந்த வார்களின் நீளமும் பத்தாது என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் பேட்டர்ன் அல்லவா? ரொம்ப வருடமாக இங்கே எல்லோரும் போட்டு நடக்கிற செருப்பு, டாக்டர்கள் பார்த்து சரி என்று சொன்னது, நீங்கள் கற்றுக்கொள்ள வந்திருக்கிறீர்கள், முதலில் நேராக வெட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. தையல் மிஷின்கள் ஒரு நொடி நின்று மறுபடி ஓடின. தீதீ தலையை ஆட்டி, "அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவர் எடுக்கவில்லை, ஆனால் எனக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது தப்பு என்று காட்டிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு பாறை மலை உண்டு. ஆடு மேய்ப்பவர்கள் ஏறி இறங்கும் பாதை இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். வாங்க, நம் செருப்பைப் போட்டுக்கொண்டு அந்த மலை ஏறி இறங்கலாம், எங்கே வழுக்குகிறது பார்ப்போம் என்றேன்.  அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

பெட்டியிலிருந்து எங்கள் அளவுக்கு இரண்டு ஜோடி எடுத்துப் போட்டுக்கொண்டோம். அவர் சும்மா வரவில்லை. ஒரு கோணிப்பையில் ரப்பர் துண்டுகளை நிரப்பி முதுகில் போட்டு, அதன் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டார். "வெறுங்கையா யாரு மலை இறங்குறா? விறகோ, புல்லோ, பிள்ளையோ முதுகுல இருக்கும்" என்றார்.

ஏறுவது சுலபமாக இருந்தது. மேலே போய்க் கொஞ்ச நேரம் நின்றோம். கீழே பாலாறு மணலாகக் கிடந்தது, தூரத்தில் லாரிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. இறங்கும்போது அவர் முன்னால் போனார். அத்தனை பாரத்தோடு ஆட்டுக்குட்டி மாதிரி இறங்கினார், ஆனால் நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று காலைப் பின்னுக்கு இழுத்துச் செருப்பைச் சரிசெய்துகொண்டார். நான் எங்கேயும் நிற்கவில்லை. விறுவிறுவென்று இறங்கி, அவரைத் தாண்டி, அடிவாரத்துக்கு முதலில் வந்து சேர்ந்தேன்.

"பாருங்க தீதீ, ஒண்ணும் ஆகல. வழுக்கல, இடிக்கல. எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று பெருமையாகச் சொன்னேன்.

 அவர் என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டையை அப்படியே கீழே போட்டார். நான் குனிந்து பார்த்தேன். பெருவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்தது. அதற்குப் பக்கத்து விரலின் நுனி தோலுரிந்து கிடந்தது. செருப்பின் வெள்ளை ரப்பரில் ரத்தம் ஊறி, எனக்குப் பின்னால் பாறையிலும் சொட்டுச் சொட்டாக இருந்தது.

வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

என்னை ஒரு கல்லில் உட்கார வைத்தார். அவர் தரையில் உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாட்டில் தண்ணீரால் கழுவி, சால்வையின் சுத்தமான முனையால் ஒற்றி எடுத்தார். பிறகு சர்ச்சுக்கு எடுத்துப் போயிருந்த என் கைப்பையிலிருந்து பேனாவை வாங்கினார். "கண்ணை மூடு பஹினி. நான் தொடுறப்ப சொல்லு" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எங்கோ ஆட்டு மணி கேட்டது. காற்று அடித்தது. அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து, "தொடுங்க தீதீ" என்றேன்.

"ஏழு இடத்துல தொட்டுட்டேன்" என்றார்.

அதை அவர் சொன்ன குரல் இன்னமும் காதில் இருக்கிறது. பயமுறுத்துகிற குரல் இல்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரல்.

அதற்கு இரண்டு வருடம் முன்பே எனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாத்திரையை ஆறு மாதம் போட்டேன். உடம்பு நன்றாக இருக்கவும் நிறுத்திவிட்டேன். மரத்துப்போன கால்களுக்காகவே தினமும் செருப்பு செய்கிறவள் நான். எத்தனை பேரிடம், "வலி இல்லைன்னா நல்லதுன்னு நினைக்காதீங்க, தினமும் பாதத்தைப் பாருங்க" என்று மனப்பாடமாக ஒப்பித்திருப்பேன்! என் பாதத்தை ஒரு நாளாவது திருப்பிப் பார்த்ததில்லை. கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். தீதீ என் காலை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அந்தச் சால்வையைக் கிழித்துக் கட்டுப் போட்டார். நான் நடக்கிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், ரப்பர் மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு, என்னை முதுகில் தூக்கிக்கொண்டார். அப்போது எனக்கு அறுபத்தெட்டு கிலோ. மருத்துவமனை வாசல் வரைக்கும் ஒரு இடத்தில்கூட இறக்கி வைக்கவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் கவனிக்காமல் நடந்திருந்தால் விரலுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். இரண்டு காலிலும் உணர்ச்சி வெகுவாகக் குறைந்திருந்தது. மாத்திரை, ஊசி எல்லாம் எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் வலது காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார்.

கட்டிலில் காத்திருந்தபோது கேட்டேன். உங்களுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறதே, அன்றைக்கு நான் கத்தியதும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

 அவர் பழைய கதை ஒன்றைச் சொன்னார். பல வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டிலிருந்து அவர்கள் ஊருக்குப் பெட்டி பெட்டியாக ஷூ வந்ததாம். பளபளவென்று, விலை உயர்ந்த ஷூ. அந்த மலையில் அதைப் போட்டுக்கொண்டு இறங்க முடியாது. ஆனால் கொண்டுவந்தவர்கள் போட்டோ எடுக்கும்போது எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். அவர்கள் போனதும் கழற்றிச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். தொழுநோய் வந்து குணமான அவருடைய கணவரும் அப்படித்தான் மாட்டி வைத்தார். வெறுங்காலோடு நடந்து, புண்ணாகி, காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே தீதீ?"

"குடுக்குறவங்ககிட்ட எப்படி பஹினி குறை சொல்றது? மனசு கோணிட்டா அடுத்த தடவை எதுவும் வராதே. நீயும் ஆசையா செஞ்ச. உன் முகம் வாடிப்போச்சு. அதான் விட்டுட்டேன்."

 என் முகம் வாடக் கூடாதென்று முன்னூறு பேர் கால் புண்ணாகும் என்பதை அவர் தனக்குள் விழுங்கியிருக்கிறார்.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் எனக்கு முதலில் தோன்றியது, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பதுதான். லாரி வர இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. பேட்டர்ன் என்னுடையது, தப்பும் என்னுடையது. பாறையில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். தீதீ நிச்சயமாகக் காட்டிக்கொடுக்க மாட்டார். ஒரு நாள் முழுக்க அந்த நினைப்போடு படுத்திருந்தேன். கட்டு போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பக்கத்தில் டாக்டர் இருக்கிறார், ஆட்டோ இருக்கிறது. அந்த மலையில் இருப்பவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை என் கணவர் வண்டியில் உட்கார்ந்து மருத்துவமனைக்குப் போனேன். எங்கள் சூப்பர்வைசர் என் காலைப் பார்த்துப் பதறினார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இப்போ வந்து சொல்ற? முன்னூறு ஜோடியும் பேக்கிங் ஆயிடுச்சு. மேல எல்லாருக்கும் தேதி சொல்லியாச்சு. பெரிய பேஜாரா போயிடுமே."

"அனுப்பினா சுவத்துலதான் சார் மாட்டுவாங்க. என் காலைப் பாருங்க. இது என் பேட்டர்னாலதான் ஆச்சு. எழுதிக் குடுக்கச் சொன்னாலும் எழுதிக் குடுக்கறேன்."

அவர் அங்கே வந்து நின்ற தீதீ பக்கம் திரும்பி, நான் சொல்வது உண்மையா என்று கேட்டார். தீதீ என்னைப் பார்த்தார். அவ்வளவு நடந்த பிறகும், சொல்லலாமா என்று என்னிடம்தான் அனுமதி கேட்டார். "சொல்லுங்க தீதீ, எல்லாத்தையும் சொல்லுங்க" என்றேன். அவர் சொல்லச் சொல்ல, நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். அவருடைய கணவர் காலை இழந்த கதையையும் சொல்லி முடித்தேன். சூப்பர்வைசர் எழுந்து போய் ஒரு பெட்டியை இழுத்து, அதன் நாடாவை அவரே கத்தியால் அறுத்தார். "சரி, எங்கே வார் வைக்கணும்னு அந்தம்மாவையே குறி போடச் சொல்லு. மேல நான் பேசிக்கிறேன்" என்றார்.

லாரியை மூன்று வாரம் தள்ளி வைத்தார்கள். காலை ஊன்றக் கூடாதே தவிர எனக்குக் கை நன்றாகத்தானே இருந்தது? ஆம்பூரில் என் வீட்டிலேயே, காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, தீதீ போட்டுத்தந்த பேட்டர்னை வைத்து அறுநூறு வார் வெட்டிக் கொடுத்தேன். அவர் அங்கே தையலைப் பார்த்துக்கொண்டார். இருந்த வார்களைக் கம்பளிக் காலுறைக்கு ஏற்ப நீட்டி, நுனியில் விரலுக்கு முன்னால் ஒரு சின்னத் தடுப்பும் ஒட்டினார்கள். அவர் கத்தி பிடிப்பது அதற்குள் திருந்திவிட்டது என்று தோழிகள் சொன்னார்கள்.

விஜயதசமி அன்றைக்கு லீவு. காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தீதீ தனியாகப் பஸ் பிடித்து, விலாசச் சீட்டைக் காட்டிக் காட்டி வழி கேட்டு வந்து நின்றார். கையில் ஒரு தூக்குச்சட்டி. அன்றைக்கு அவர்கள் நாட்டில் வருடத்திலேயே பெரிய பண்டிகை என்பது எனக்கு அதுவரை தெரியாது. வீட்டில் மூத்தவர்கள் சின்னவர்களுக்கு நெற்றியில் திலகம் வைத்து ஆசீர்வாதம் செய்ய வேண்டுமாம். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் எல்லாம் அதற்காக ஊருக்குத் திரும்புவார்களாம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அங்கே வீட்டுக்கு வந்திருந்தார்கள், அம்மா மட்டும் இங்கே இருந்தார்.

தூக்கைத் திறந்தார். தயிரும் குங்குமமும் கலந்த பச்சரிசி. விடுதி அறையில் இருட்டு மூலையில் முளைக்க வைத்த வெளிர் மஞ்சள் நாற்று ஒரு பிடி. என் முன்னால் நின்று தயங்கினார். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்று அவருக்குத் தெரியும். என் நெற்றியில் நான் அதுவரை எதுவும் வைத்துக்கொண்டதில்லை. என் கணவரைப் பார்த்தேன். "இன்னாத்துக்கு யோசிக்கிற? அக்கா வந்திருக்காங்க" என்றார்.

தலையைக் குனிந்தேன். ஈர அரிசி நெற்றியில் ஜில்லென்று பட்டது. நாற்றை என் காதோரம் செருகிவிட்டு, அவர் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. கடைசியில் குனிந்து, ஸ்டூலில் இருந்த என் வலது பாதத்தையும் ஒரு தடவை தடவிக் கொடுத்தார். மூத்தவர் நீங்கள், என் காலைத் தொடக் கூடாது தீதீ என்று பதறினேன். "இது உன் கால் மட்டுமா? நான் பார்த்துக்கிட்ட கால்" என்றார்.

செருப்புகள் ஐப்பசி கடைசியில் லாரி ஏறின. அடுத்த வாரம் தீதீயும் கிளம்பினார். காட்பாடி ஸ்டேஷனில் இரண்டு பேரும் அழுததைப் பார்த்து டீ விற்கிறவர் காசு வாங்காமல் இரண்டு டீ கொடுத்தார்.

என் விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. மாத்திரையை ஒரு வேளைகூட விடுவதில்லை. மாதம் ஒரு தடவை தீதீ வீடியோ காலில் வருவார். எடுத்ததும் நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "காலைக் காட்டு" என்பார். போனைப் பாதத்துக்கு நேரே பிடிப்பேன். அந்தப் பக்கம் மலைக்காற்று இரையும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார், அப்புறம்தான் என் முகத்தைப் பார்ப்பார்.

செருப்பு போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் அழைப்பில், எல்லோரும் தினமும் போட்டுக்கொண்டு நடப்பதாகச் சொன்னார். நான் சந்தோஷத்தில் மூழ்குவதற்குள், "ஆனா பஹினி, வார்ல இருக்கிற ஒட்டுற பட்டையில சேறு போயி அடைச்சுக்குது. பக்கிள் வெச்சா நல்லாயிருக்கும். அப்புறம் அந்தப் பசை இருக்கே..." என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒரு நோட்டை எடுத்து, அவர் சொன்ன குறைகளை வரிசையாக எழுதினேன். மொத்தம் ஆறு. என் வேலையைப் பற்றி யார் என்ன சொல்லியும் நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

இப்போதெல்லாம் ஒருவர் காலில் செருப்பை மாட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், உடனே வருகிற அந்த "நல்லா இருக்கும்மா"வை நான் எழுதிக்கொள்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே குறை சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வரும்வரை காத்திருக்கிறேன். என் கையால் செய்து தருவதில் செருப்பைவிட உருப்படியானது அந்தக் காத்திருப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.